ரொறன்ரோவின் மே மாத வலசை: மூன்று பூங்காக்களில் எதற்குப் போவது?

மத்திய, தென் அமெரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு வடக்கே திரும்பும் வார்ப்ளர் எனும் சிறு பூச்சியுண்ணிக் குருவிகள் பெரும்பாலும் இரவில்தான் ஒன்ராறியோ ஏரியைக் கடக்கின்றன. ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீர்ப்பரப்பைத் தாண்டிக் களைத்து வருபவை, விடியும் வேளையில் கண்ணில் படும் முதற் பச்சையில் இறங்கிவிடுகின்றன. மே மாத நடுப்பகுதியில் ரொறன்ரோவின் பூங்காக்களில் பறவைகள் குவிவதற்கு இதுவே காரணம். அந்நாட்களில் ஒரே ஒரு காலைப்பொழுதைத்தான் ஒதுக்க முடியும் என்பவருக்கு ரொமி தொம்சன் பூங்கா, ஹை பார்க், கேணல் சாமுவேல் ஸ்மித் பூங்கா ஆகிய மூன்றில் எது ஏற்றது என்று பார்ப்போம்.

பறவையாளர்களிடம் கேட்டால் பலர் முதலில் சொல்வது ரொமி தொம்சன் பூங்காவைத்தான். லெஸ்லி வீதியின் முனையிலிருந்து ஏரிக்குள் 5 கிலோமீற்றர் நீளும் இந்த நிலநாக்கு, 1950களின் இறுதியிலிருந்து கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி உருவானது. மனிதர் நட்டுவைக்காமலே அதில் காடு வளர்ந்தது. 300க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்கே பதிவாகியுள்ளன. நீர்க்காகங்களின் குடியிருப்பு வட அமெரிக்காவின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அவற்றின் எச்சத்தால் பட்டுப்போன மரங்கள் வெள்ளெலும்பாய் நிற்பதையும், அந்த வாடையையும் சகித்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். அருகிலேயே கூடு கட்டும் வக்கா, வேடந்தாங்கலில் நாம் காணும் அதே இனம். ஈழத்திலும் தமிழகத்திலும் வளர்ந்தவருக்கு இந்த ஒரு பறவையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் 300 இனங்கள் என்பது பல பத்தாண்டுகளின் கூட்டுத்தொகை. ஒரு காலையில் கிடைப்பது அதுவன்று. கொட்டும் பணி இன்னும் தொடர்வதால் வேலை நாட்களில் மாலை 4 மணிக்குப் பின்னரே பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். அதாவது, வலசைப் பறவைகள் மிகச் சுறுசுறுப்பாக இரை தேடும் விடிகாலை, வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் மட்டுமே நமக்கு வாய்க்கும். மோட்டார் வண்டிக்கு அனுமதி இல்லை. முனை வரை போய்த் திரும்பினால் 10 கிலோமீற்றர் நடை. நாய்களை அழைத்துவரக் கூடாது என்ற விதி பறவைகளுக்கு நல்லது, சில குடும்பங்களுக்கு இடைஞ்சல்.

ஹை பார்க்கைப் பற்றிச் சொல்வதற்குக் குறைவாகவே உள்ளது. சுரங்க ரயிலில் வந்து இறங்கினால் வாசல். 161 ஹெக்டேர் பரப்பு. கிரனடியர் குளத்தில் மர வாத்துகள். நெடிய கருவாலி மரங்களின் உச்சியில்தான் வார்ப்ளர்கள் பூச்சி பிடிக்கின்றன என்பதால் அரை மணி நேரத்தில் கழுத்து நோகும். இலை விரிந்த பின் பறவை தெரிவதும் அரிது. 1959இல் தோக்கியோ அன்பளிப்பாக அளித்த செர்ரி மரங்கள் ஏப்ரல் இறுதி, மே தொடக்கத்தில் பூக்கும்போது அங்கே பறவை பார்க்கப் போவது வீண் முயற்சி. பூவைப் பார்க்கப் போகலாம்.

என் தெரிவு மூன்றாவது. கிப்ளிங் அவெனியூ ஏரியைத் தொடும் இடத்தில், பழைய மனநல மருத்துவமனை வளாகத்தை ஒட்டி அமைந்த கேணல் சாமுவேல் ஸ்மித் பூங்கா சிறியது; இரண்டு மணி நேரத்தில் நிதானமாகச் சுற்றிவிடலாம். வேலைக்குப் போகுமுன் வந்து போகும் வசதி ரொமி தொம்சனில் இல்லை. ஏரியிலிருந்து கிளம்பும் நுண்பூச்சிகள் கரையோர வில்லோ மரங்களிலும் புதர்களிலும் மொய்ப்பதால், குளிர்ந்த காலைகளில் வார்ப்ளர்கள் கண்மட்டத்துக்கே இறங்கி வருகின்றன. பைனாகுலர் பிடிக்கப் புதிதாகக் கற்பவருக்கு இதைவிடப் பெரிய சலுகை வேறில்லை. படகுத்துறையில் செங்கழுத்து முக்குளிப்பான்கள் மிதவைகளின் மேல் கூடு கட்டி, மனித நடமாட்டத்தைப் பொருட்படுத்தாமல் அடைகாக்கின்றன. நாய்களின் தொல்லை உண்டு. வக்காக்களின் குடியிருப்பு இல்லை.

எங்கே போவது என்பதைப் போலவே எப்போது போவது என்பதும் முக்கியம். இரவில் தெற்குக் காற்று வீசி, விடியுமுன் மழை பிடித்துக்கொண்டால் பறவைகள் மேலே செல்ல முடியாமல் கரையிலேயே தேங்கும். அத்தகைய காலை வார இறுதியில் அமைந்தால் நடைக்கு அஞ்சாமல் ரொமி தொம்சனுக்கே போகலாம். வேலை நாளில் அமைந்தால் கேணல் ஸ்மித்தை விட்டால் வழியில்லை. மே 20ஐத் தாண்டியபின் வார்ப்ளர் வரத்து மெல்லக் குறையத் தொடங்கும். ஆயினும் அந்த நாட்களில், அத்லாந்திக் கரையிலிருந்து வட துருவப் பகுதிக்குச் செல்லும் விம்பிரல் எனும் கரைப்பறவைகளின் கூட்டங்கள் கேணல் ஸ்மித் பூங்காவின் முனையைக் கடக்கின்றன. மன்னார்ச் சேற்றுநிலங்களில் நாம் கண்ட வளைந்த அலகுக் கோட்டானுக்கு நெருங்கிய உறவு இவை. பெரும்பாலும் இறங்காமலே போய்விடும் என்பதால், முனையில் ஓர் இடம் பிடித்து ஏரியைப் பார்த்தபடி உட்கார ஒரு மடக்கு நாற்காலியும் தடித்த மேலங்கியும் கொண்டுபோவது நல்லது. மே இறுதியிலும் அங்கே காற்று குளிராகத்தான் இருக்கும்.