வாடகை வீட்டுக்குப் பண்டிகைப் பரிசு: பலகாரமா, துணியா, ரொக்கமா, வாடகைக் கழிவா?

குடியிருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் பண்டிகைக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா? எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு இதற்குப் பதில் மாறும். கீழக்கரையில் பெருநாள் அன்று மாடியிலிருந்து கீழ் வீட்டுக்குச் சாப்பாடு வராவிட்டால், இரண்டு வீட்டுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று அக்கம்பக்கத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ராமநாதபுரம் டவுனில் ஆறு போர்ஷன் கட்டி விட்டவரின் முகத்தைக் குடியிருப்பவர்களில் பாதிப் பேர் பார்த்தே இருக்க மாட்டார்கள். வாடகை போனில் போகும், 'ஓகே' என்று பதில் வரும், அத்தோடு சரி. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போனால் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒரே படகில் தொழிலுக்குப் போகிறவர்களாகக்கூட இருப்பார்கள்.

நான் இரண்டு பக்கத்திலும் இருக்கிற ஆள். டவுனில் வாடகைக்கு இருக்கிறேன். உச்சிப்புளியில் அப்பா கட்டின வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். அதனால் கொடுக்கிறவர் போடும் கணக்கும் தெரியும், வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகு நடக்கிற பேச்சும் தெரியும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுப்பது கடமை இல்லை. கொடுப்பதாக இருந்தால், ஒரே காம்பவுண்டில் இருக்கிற வீட்டுக்காரர் பலகாரம் கொடுக்கட்டும். வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறவர் வாடகையில் கழித்துக்கொடுக்கட்டும். துணி வேண்டவே வேண்டாம்.

கடை ஸ்வீட்டும் வீட்டுப் பலகாரமும்

இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது. தீபாவளி வாரத்தில் கடை ஸ்வீட் பாக்ஸ் எல்லார் வீட்டிலும் குவிந்து கிடக்கும். ஆபீஸில் ஒன்று, சீட்டு போட்ட இடத்தில் ஒன்று, நகைக்கடையில் ஒன்று. வீட்டுக்காரர் கொடுப்பது அதில் நாலாவது. இரண்டு நாள் பிரிட்ஜில் இருந்துவிட்டு, பிரிக்காமலே பக்கத்துத் தெருவுக்குக் கிளம்பும். அட்டைப் பெட்டி மேலே இருக்கிற கடைப் பெயரை வைத்தே அது எந்த வீட்டில் புறப்பட்டு எங்கெல்லாம் சுற்றி வந்தது என்று சொல்லிவிடலாம்.

வீட்டில் செய்ததற்கு இந்தக் கதி வராது. கீழக்கரைத் தொதலை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய்ப்பாலையும் கருப்பட்டியையும் மாவையும் அடுப்பில் ஏற்றிவிட்டால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். எண்ணெய் பிரிந்து, ஓரம் விட்டு, கரண்டியில் ஒட்டாமல் கறுப்பாகச் சுருண்டு வருகிற வரைக்கும் கை ஓயக் கூடாது. அதில் நாலு துண்டு ஒரு சில்வர் டப்பாவில் வருகிறதென்றால் அதற்கு விலை பார்க்க யாருக்கும் தோன்றாது.

அதைவிட முக்கியம், டப்பா வெறுமனே திரும்பாது. ரமலானுக்குத் தொதல் வந்த டப்பா, தீபாவளிக்கு அதிரசமும் முறுக்குமாகத் திரும்பிப் போகும். "லாத்தா (அக்கா), முறுக்கு கொஞ்சம் கடுக்குன்னு ஆயிருச்சு, பாத்துச் சாப்பிடுங்க" என்று ஒரு பேச்சும் கூடப் போகும். இந்தப் பட்டியலில் குடியிருப்பவர் சரிக்குச் சரி திருப்பிக் கொடுக்க முடிகிற பரிசு பலகாரம் ஒன்றுதான். மற்ற எல்லாவற்றிலும் வீட்டுக்காரர் கை மேலேதான் இருக்கும். நான் பலகாரத்துக்கு ஓட்டுப் போடுவது இதற்காகத்தான், ருசிக்காக மட்டும் இல்லை.

கடலோர வீட்டுக்காரர்கள் சிலருக்குப் பண்டிகையே தேவைப்படாது. பாடு, அதாவது வலையில் விழுந்த மீன், நன்றாக இருந்த அன்று கறிக்கு மீன் வந்துவிடும். சீலா கருவாடு போட்டால் இரண்டு துண்டு நமக்கும் உண்டு. இதையெல்லாம் யாரும் பரிசுக் கணக்கில் எழுதுவதில்லை. ஆனால் வருஷம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் எந்த ஸ்வீட் பாக்ஸும் பக்கத்தில் வராது.

சிக்கல் இல்லாமல் இல்லை. பக்ரீத் குர்பானி இறைச்சியை மூன்று பங்காக்கி, வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஏழைகளுக்கும் என்று பிரிப்பது வழக்கம். அதிலிருந்து அண்டை வீட்டுக்கும் வரும். என்ன இறைச்சி, அவர்கள் சாப்பிடுவார்களா என்று முதல் நாளே கேட்டுவிட்டால் இருவருக்கும் சங்கடம் இல்லை. புரட்டாசியில் கவிச்சி சேர்க்காத வீடு உண்டு, கார்த்திகையில் மாலை போட்டிருக்கிற வீடு உண்டு, தவக்காலத்தில் கறி தொடாத வீடும் உண்டு. அப்புறம் சர்க்கரை வியாதி. "கருப்பட்டிதானே, சுகருக்கு ஒண்ணும் செய்யாது" என்று சொல்லி நீட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செய்யும்.

துணி

இதில் அதிகம் நிற்கத் தேவையில்லை. வேட்டி சேலை நம் ஊரில் நம்மிடம் வேலை பார்க்கிறவர்களுக்குக் கொடுப்பது. பொங்கலுக்கு ரேஷன் கடையிலும் இலவச வேட்டி சேலை வருகிறது. மாதாமாதம் நம் கைக்குப் பணம் தருகிற மனிதருக்கு அதையே நாம் நீட்டினால் அவர் என்ன நினைப்பார்? முன்பு நான் இருந்த ஒரு வீட்டில் எல்லா போர்ஷனுக்கும் ஒரே டிசைனில் சேலை வந்தது. ஒருத்தர் கட்டினால் இன்னொருத்தர் கட்ட மாட்டார் என்று ஆகி, கடைசியில் யாருமே கட்டவில்லை. ஒரு வீட்டில் அது குழந்தைக்குத் தொட்டிலானது. அந்த மட்டில் பிரயோஜனம்.

ரொக்கமும் வாடகைக் கழிவும்

500 ரூபாயைக் கவரில் போட்டுக் கொடுப்பதும், இந்த மாத வாடகையில் 500 குறைப்பதும் கணக்குக்கு ஒன்றுதான். மனசுக்கு ஒன்று இல்லை. பெரியவர் சின்னப் பிள்ளைக்குப் பெருநாள் காசு கொடுப்பது அழகு. முப்பது வயது வீட்டுக்காரர், குடியிருக்கிற ஐம்பது வயது ஆசிரியரின் கையில் கவரைத் திணித்தால் இரண்டு பேருக்கும் கூசும். வாடகைக் கழிவில் யாரும் கை நீட்டத் தேவையில்லை. "இந்த மாசம் 500 குறைச்சுப் போடுங்க சார்" என்று ஒரு வரி, வேலை முடிந்தது. துபாயிலோ மலேசியாவிலோ இருக்கிற வீட்டுக்காரருக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. யாரிடமாவது சொல்லி ஸ்வீட் வாங்கிக் கொடுக்கச் சொன்னால், கொடுத்தவர் பெயர்தான் குடியிருப்பவர் மனசில் நிற்கும்.

வாடகை மாதம் 6,000 என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 72,000. அதில் 500 என்பது நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. அதே வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 6,000 போச்சு. அதாவது, பன்னிரண்டு வருஷத்துக்குக் கொடுக்கிற பண்டிகைக் கழிவு ஒரே மாதக் காலியில் போய்விடுகிறது. புரோக்கர் கமிஷனையும் பெயிண்ட் செலவையும் நான் இதில் சேர்க்கவே இல்லை. நல்ல குடியிருப்பாளர் இன்னும் ஒரு வருஷம் இருந்தால் யாருக்கு லாபம் என்று வீட்டுக்காரர்களே பார்த்துக்கொள்ளலாம். வருமான வரி கட்டுகிறவர்களுக்கு இன்னொரு சங்கதி: வீட்டு வாடகை வருமானத்தில் பழுது முதலியவற்றுக்கு என்று 30 சதவீதம் மொத்தமாகக் கழித்துவிடுகிறார்கள். ஸ்வீட்டும் சேலையும் வாங்கின செலவைத் தனியாகக் காட்டிக் கழிக்க வழியில்லை.

ஆனால் இந்தக் கரையில் 500 ரூபாய்க் கழிவைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017-க்கு முன்பு இது 45 நாளாக இருந்தது. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை. ஆனால் விசைப்படகில் பங்குக்குப் போகிறவருக்கு அந்த இரண்டு மாதமும் வருமானம் நின்றுவிடும். சிலர் படகு பராமரிப்பு வேலையில் இருப்பார்கள், சிலர் கேரளப் பக்கம் கிளம்புவார்கள். அரசு நிவாரணத்தை 8,000 ரூபாயாக உயர்த்தப்போவதாக 2023-இல் மண்டபம் மீனவர் மாநாட்டில் அறிவித்தார்கள். நம் கணக்கில் இரண்டு மாத வாடகையே 12,000.

அந்த வீட்டுக்குத் தீபாவளி ஸ்வீட்டா பெரிசு? வீட்டுக்காரர் செய்யக்கூடியது மூன்று. வாடகையைத் தள்ளிப்போடலாம், பாதியாக்கலாம், அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். மூன்றாவது கேட்க நன்றாக இருக்கும், எனக்குப் பிடிக்காது. அட்வான்ஸ் கரைந்தால் வீடு மாறுகிற நாளில் குடியிருப்பவர் கையில் ஒன்றும் இருக்காது, அடுத்த வீட்டு அட்வான்ஸுக்கு வட்டிக்காரரிடம் போய் நிற்பார். பாதி வாடகை, வாடகையை நம்பியே மருந்து மாத்திரை வாங்குகிற வயதான வீட்டுக்காரருக்குக் கட்டுப்படியாகாது. தள்ளிப்போடுவதில் வீட்டுக்காரருக்குப் பெரிய நஷ்டம் இல்லை. "படகு இறங்கட்டும், ரெண்டு மூணு மாசத்துல சேத்துக் குடுப்பா" என்று ஏப்ரல் 14 சித்திரைப் பிறப்பு அன்று, தடை தொடங்குவதற்கு முந்தின நாள், வாயால் சொன்னால் போதும். கையில் கொஞ்சம் வசதி இருந்தால், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில் ஒரு 500, 1,000 கழித்துக்கொள்ளச் சொல்லலாம். நோட்டும் யூனிபார்மும் வாங்குகிற வாரம் அது. 2025-இல் பக்ரீத்தும் ஜூன் 7-ஆம் தேதி, தடைக்காலத்துக்குள்ளேயே வந்தது.

இதையே எல்லாருக்கும் செய்ய வேண்டியதில்லை. உச்சிப்புளியில் இருக்கிற 'ஐ.என்.எஸ். பருந்து' கடற்படை விமானத் தளத்தில் வேலை பார்க்கிறவருக்கும் பேங்க்காரருக்கும் முதல் தேதி சம்பளம் வந்துவிடுகிறது. அவர்களுக்கு ஒரு டப்பா முறுக்கு போதும்.

பரிசு என்று சொல்லக் கூடாதவை

"பொங்கலுக்கு வெள்ளையடிச்சுத் தர்றேன், அதான் உங்களுக்கு நான் தர்ற பரிசு" என்று சொல்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணைப்படி உரிமையாளர் பொறுப்பு. அந்தச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. குழாய் வாஷரும் சுவிட்சும் மாற்றுவது குடியிருப்பவர் பாடு. உப்புக் காற்றில் ஜன்னல் கிரில் துருப்பிடித்து, கூரைக் கம்பி வீங்கி, காரை பெயர்ந்து விழுகிற ஊர் இது. அதைச் சரிபண்ணிக் கொடுப்பதைப் பரிசில் சேர்த்தால், அட்வான்ஸைத் திருப்பிக் கொடுப்பதையும் பரிசு என்றுதான் சொல்ல வேண்டும்.

கரண்ட் சமாச்சாரமும் இப்படித்தான். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பல காம்பவுண்டுகளில் இணைப்பு ஒன்று, போர்ஷனுக்குப் போர்ஷன் சப்-மீட்டர். முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்கிக்கொண்டு, 100 யூனிட் சலுகையை வீட்டுக்காரர் தானே வைத்துக்கொள்வார். அப்படி வாங்கிக்கொண்டு தீபாவளிக்கு அரைக் கிலோ மைசூர்பாகு கொடுத்தால் குடியிருப்பவர் மனசுக்குள் கணக்குப் போடத்தான் செய்வார். ஸ்வீட்டை நிறுத்திவிட்டு, வந்த பில்லைக் காட்டி உள்ளபடி பிரித்தால் அதுவே மேல்.

ஒன்றும் கொடுக்காவிட்டால்?

தப்பே இல்லை. ஒன்றும் கொடுக்காமல், மோட்டார் ரிப்பேர் என்றதும் ஆளை அனுப்புகிற வீட்டுக்காரரிடம் நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். தீபாவளிக்கு ஒரு கிலோ ஸ்வீட்டும் தை பிறந்ததும் வாடகையில் ஆயிரம் ஏற்றமும் கொடுத்தவரிடமும் இருந்திருக்கிறேன். அதற்கு அடுத்த தீபாவளிக்கு ஸ்வீட் வந்தபோது வீட்டில் யாரும் பெட்டியைத் தொடவில்லை, இந்தத் தடவை எவ்வளவோ என்றுதான் பேசிக்கொண்டோம். வாடகை ஏற்றுகிற உத்தேசம் இருந்தால் அந்த வருஷம் பரிசை விட்டுவிடலாம்.

யாருடைய பண்டிகைக்குக் கொடுப்பது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. என் கணக்கு: சாப்பாடு என்றால் கொடுப்பவருடைய பண்டிகைக்கு, பணம் என்றால் வாங்குகிறவருடைய பண்டிகைக்கு. நம் வீட்டில் செய்ததை நம் விசேஷத்தில் பகிர்ந்துகொள்வது இயல்பு. வாடகைக் கழிவு அவர்கள் வீட்டில் செலவு இருக்கிற மாதத்தில் போய்ச் சேர வேண்டும். பாம்பனில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்குத் தீபாவளி மாதம் கழித்துக்கொடுத்து என்ன பயன், டிசம்பரில் கொடுக்கலாமே. பல போர்ஷன் இருக்கிற இடத்தில் தொகை மட்டும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். கூடக் குறைய இருந்தால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

ஒத்தி வீடு தனிக் கதை. மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு மாத வாடகையே இல்லை, எதில் கழிப்பது? அவர் கொடுத்த பணம் வீட்டுக்காரரிடம் இருக்கிறது, இருவரும் சமம் என்ற தோரணையும் இருக்கும். அங்கே பலகாரம் ஒன்றுதான் நடக்கும். சில வீடுகளில் முதலில் டப்பா வருவதே ஒத்திக்காரர் வீட்டிலிருந்துதான்.

வாடகையில் கழித்துக் கொடுப்பவர்கள் ரசீதில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: 'வாடகை ரூ.6,000, பண்டிகைக் கழிவு ரூ.500, பெற்றது ரூ.5,500.' போனில் பணம் வாங்குகிறவர்கள் இதையே மெசேஜாக அனுப்பலாம். வாடகையே 5,500 என்று அடுத்த மாதம் அவர் நினைத்துக்கொள்ள மாட்டார். இரண்டு வருஷம் கழித்து 500 பாக்கி என்று நம் வீட்டிலிருந்தும் யாரும் போய்க் கேட்க மாட்டார்கள். தடைக்கால வாடகையைத் தள்ளிப்போட்டிருந்தாலும் எந்த மாதத்துக்குள் தர வேண்டும் என்பதைச் சேர்த்தே எழுதிவிடலாம்.