இறக்கையை நெருங்கும் நீர்த்துளி: டேப் மாடலா, விஓஎஃப்பா?

புதுச்சேரி, கடலூர் பக்கம் மெக்கானிக்கல் படிக்கிற தம்பி தங்கைகள் ப்ராஜெக்ட் நேரத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். விமான இறக்கையை நெருங்கும் துளி எப்படி உருமாறுகிறது என்று கணினியில் கணக்கிடும் இரண்டு முறைகள் இவை: டேப் (TAB, Taylor Analogy Breakup) துளியின் உருமாற்றத்தை ஓர் எளிய சமன்பாடாக்கும், விஓஎஃப் (VOF, Volume of Fluid) கட்டம் கட்டமாகப் பிரித்து எந்தக் கட்டத்தில் எவ்வளவு நீர் என்று கணக்கிடும். 1994-ல் அமெரிக்காவின் ரோஸ்லான் அருகே ஏடிஆர் 72 விமானம் உறைபனி படிந்து விழுந்த பிறகு பெரிய துளிகள் மேல் கவனம் திரும்பியது. 20 மைக்ரான் துளி கிட்டத்தட்ட உருண்டையாகவே வந்து மோதும். சில நூறு மைக்ரான் துளியோ முன்விளிம்பை நெருங்கும்போதே தட்டையாகி, காற்றின் இழுவையும் கூடிவிடும்.

செலவு: டேப் (1987) துளியை ஸ்பிரிங்கில் கட்டிய எடையாகப் பார்க்கிறது, பரப்பு இழுவிசைதான் அந்த ஸ்பிரிங், ஒரே சமன்பாடு, சாதாரண லேப்டாப் போதும்.
விஓஎஃப்புக்குத் துளியின் விளிம்பில் மிக நுண்ணிய கட்டங்கள் வேண்டும். முப்பரிமாணம் என்றால் நாள்கணக்கில் ஓடும்.

துல்லியம்: சிறிய உருமாற்றத்துக்கு டேப் நல்லது. ஆனால் துளி தட்டாகி, மெலிந்து, நடுவில் பை போல ஊதுவதை விஓஎஃப்தான் காட்டும்.

ஆயிரக்கணக்கான துளிகள் இறக்கையில் எங்கே விழும் என்று பார்க்க டேப். ஒரு துளி எப்படி உடைகிறது என்று பார்க்க விஓஎஃப். கையில் ஒரு செமஸ்டர்தான் இருக்கிறதா? சரி, டேப்பில் தொடங்குங்கள், அப்புறம் வெபர் எண் (துளியைச் சிதைக்கும் காற்றின் விசைக்கும் அதைப் பிடித்து வைக்கும் பரப்பு இழுவிசைக்கும் உள்ள விகிதம்) 12-ஐ, அதாவது துளி உடையத் தொடங்கும் அளவை, நெருங்கும் துளிக்கு மட்டும் விஓஎஃப் ஓட்டுங்கள்.