பூட்டிய படமும் பூட்டாத நகலும்: நான்கு ஆண்டு அனுபவம்

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது, தையல் போட்ட இடத்தைத் தினமும் படமெடுத்து அனுப்பச் சொன்னார் மருத்துவர். அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து, பிள்ளைகள் பாட்டு கேட்கும் டேப்லெட்டில் அந்தப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அதிலும் என் கணக்குதான் திறந்திருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்று தொடங்கிய தேடல் இது.

முதலில் பிடித்தது, கால்குலேட்டர் வேடமிட்ட ஒரு பெட்டகச் செயலி. ரகசிய எண்ணைத் தட்டினால் படங்கள் தெரியும். எட்டு மாதம் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒருநாள் போனின் கோப்பு மேலாளரில், மறைந்த கோப்புகளைக் காட்டும் வசதியை இயக்கினேன். புள்ளியில் தொடங்கும் பெயரோடு ஒரு கோப்புறை. உள்ளே, கோப்பின் வகையைக் காட்டும் பின்னொட்டு இல்லாத நூற்றுக்கணக்கான கோப்புகள். ஒன்றின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து ‘ஜேபிஜி’ என்று சேர்த்தேன். கடவுச்சொல் எதுவும் கேட்காமல் அம்மாவின் தையல் பளிச்சென்று திறந்தது. அந்தச் செயலி படத்தைப் பூட்டவே இல்லை. பெயரை மாற்றி ஒளித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். எனக்கு வந்த கோபம் அடங்க நாளாயிற்று.

அடுத்து கூகுள் போட்டோஸின் பூட்டிய கோப்புறைக்கு மாறினேன். 2021இல் வந்த வசதி. தொடக்கத்தில் படங்கள் அந்தப் போனில் மட்டுமே இருந்தன. போனை அழித்து மீட்டமைத்தால் படமும் போய்விடும். 2023இல்தான் மேகச் சேமிப்பில், அதாவது இணையவழி கூகுளின் கணினிகளில், காப்பெடுக்கும் வசதி சேர்ந்தது. பழகுவதற்கு எளிது, திரைப்பிடிப்பும் எடுக்க முடியாது. ஆனால் மருத்துவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் படத்தை வெளியே எடுத்து, அனுப்பி, மறுபடி உள்ளே வைக்க வேண்டும். தினசரி வேலைக்கு அது பெரும் தொல்லை.

அந்தத் தொல்லையால் ஒரு நன்மையும் விளைந்தது. அனுப்பிய படம் எங்கே போகிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். செய்திச் செயலி, அனுப்பிய ஒவ்வொரு படத்துக்கும் தன் கோப்புறையில் ஒரு நகலை வைத்திருந்தது. மூலப் படத்தை நான் பூட்டிவைக்க, நகல் திறந்தே கிடந்திருக்கிறது! அதையும் தேடி அழித்தேன். குப்பைத்தொட்டியை மறந்துவிடாதீர்கள். கூகுள் போட்டோஸில் காப்பெடுத்த படம் நீக்கிய பிறகும் 60 நாள் அங்கே இருக்கும்.

ஐபோன் வைத்திருக்கும் தங்கைக்கு வேறு கதை. 2022இல் ஐஓஎஸ் 16 வந்தபோதுதான் மறைத்த படங்களின் ஆல்பத்துக்கும் அண்மையில் நீக்கியவற்றுக்கும் முகம் அல்லது விரல்ரேகைப் பூட்டு கிடைத்தது. அதற்கு முன், ஆல்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் திறக்கலாம்.

இப்போது இரண்டு ஆண்டுகளாக நான் பயன்படுத்துவது சாம்சங் போனிலுள்ள பாதுகாப்புக் கோப்புறை. இதுவே எனக்குப் பிடித்திருக்கிறது. இது வெறும் படப் பெட்டி அல்ல. தனிப் பூட்டோடு போனுக்குள் இன்னொரு போன் இருப்பதுபோல. உள்ளேயே கேமரா உண்டு. அதில் எடுத்த படம் வெளிக் கேலரியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, முதல் நொடியிலிருந்தே உள்ளேதான். எடுத்த பிறகு நகர்த்துவதைவிட இது எவ்வளவோ மேல். போன் தொலைந்தால் படமும் போகுமே என்ற கவலைக்காக, மாதம் ஒருமுறை கடவுச்சொல்லிட்டுக் குறியாக்கம் செய்த பென்டிரைவில் நகலெடுக்கிறேன்.

திரை உடைந்து பழுதுபார்க்கக் கொடுத்தபோது பராமரிப்புப் பயன்முறையை இயக்கிக் கொடுத்தேன். போன் வேலை செய்யும், சோதித்துப் பார்க்கலாம். என் படங்களும் செய்திகளும் கண்ணில் படாது. கடைக்காரர் பூட்டு எண்ணைக் கேட்டபோது, கொடுக்கத் தேவையில்லை என்று தயங்காமல் சொல்ல முடிந்தது.

டேப்லெட்டிலிருந்து என் கணக்கை எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கென்று தனிக் கணக்கு போட்டிருக்கிறேன். சென்ற வாரம் தழும்பைப் படமெடுக்க வேண்டியிருந்தது. “எதில் எடுக்கிறாய்?” என்று கேட்டார் அம்மா. பூட்டைக் காட்டினேன். “சரி, எடு” என்றார்.