திருகோணமலை – கொழும்பு இரவு ரயில்: பெட்டியும் பையுமாகப் போகிறவர்களுக்கு

கையில் ஒரு பையோடு கொழும்புக்குப் போகிறவர் எதில் போனாலும் போய்ச் சேரலாம். பெரிய சூட்கேஸ், தயிர்ச் சட்டி, கருவாட்டுப் பார்சல், கூடவே ஒரு பிள்ளை என்று புறப்படுகிறவருக்கு இரவு ரயில்தான் நல்லது. குறைகள் இருக்கின்றன, ஆனாலும் பஸ்ஸை விட மேல்.

49ஆம் இலக்க பஸ் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர் ஓடுகிறது. நினைத்த நேரத்தில் ஏறலாம் என்பது அதன் பெரிய வசதி. சாமான் வைப்பதில்தான் தொல்லை. சாதாரண பஸ்ஸில் பின்பக்க டிக்கியில் போட்டால் தூசியும் மழைத்தண்ணீரும் உள்ளே வரும். முன்னால் எஞ்சின் மூடியில் வைத்தால் சூடு ஏறும், அதில் வைத்த தயிர் தம்புள்ளைக்கு முன்னமே புளித்துவிடும். டிக்கியில் போட்டே ஆகவேண்டுமென்றால் உரப்பையால் சுற்றிக் கட்டிவிட்டுப் போடுங்கள். பெரிய பொதிக்குத் தனிக் காசு கேட்பார்கள், அதை ஏறுமுன் பேசிக்கொள்ளுங்கள்.

ரயிலுக்கு ஆசனம் 30 நாட்களுக்கு முன்பிருந்தே பதியலாம். தைப்பொங்கல், சித்திரை வருடம், பாடசாலை விடுமுறைக் காலங்களில் கடைசி நேரத்துக்கு விட்டுவிடாதீர்கள். பதியும்போது கொடுத்த அடையாள அட்டையைப் பயணத்திலும் கையில் வைத்திருங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டிட்வா புயல் ரயில் பாதைகளைப் பல இடங்களில் உடைத்துப் போட்டது. ஆகவே ரயில் ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்பதை நிலையத்திலோ 1919 என்ற அரச தகவல் தொலைபேசி இலக்கத்திலோ கேட்டுவிட்டே பெட்டியைக் கட்டுங்கள்.

ரயில் பெட்டியின் கதவுப் படிகள் செங்குத்தானவை, வாசலும் ஒடுக்கம். முதலில் ஒருவர் ஏறிக்கொள்ள, கீழே நிற்பவர் சாமானைத் தூக்கிக் கொடுப்பதே சுகம். மேல் தட்டில் நடுத்தரப் பை வரை நிற்கும். பெரிய சூட்கேஸை அங்கே ஏற்ற வேண்டாம், வளைவுகளில் சரிந்து வரும். முதுகோடு முதுகாகப் பொருத்திய ஆசனங்கள் உள்ள பெட்டியென்றால், இரண்டு முதுகுக்கும் நடுவே தரையோடு ஒரு முக்கோண இடைவெளி இருக்கும். சூட்கேஸைப் படுக்கவைத்து அதற்குள் தள்ளினால் நடைபாதை மறிபடாது, ஆசனத்தின் இரும்புக் காலோடு சைக்கிள் பூட்டுப் போட்டு நிம்மதியாகக் கண்ணயரலாம். தயிர்ச் சட்டியின் வாயைப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டிக் காலடியில் நிமிர்த்தி வையுங்கள். கருவாட்டுக்குக் கடதாசி, அதன்மேல் இரட்டைப் பொலித்தீன், அதற்கும் மேல் மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளி. இல்லையென்றால் அந்த மணத்தைப் பெட்டி முழுக்க விடியும்வரை சகிக்க வேண்டும்.

நேரத்தை நம்பி அடுத்த வேலையை ஒட்டி வைக்காதீர்கள். கல்ஓயா, ஹபரணைப் பக்கம் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் காடு. 2025 பெப்ரவரியில் அந்தப் பகுதியில் பயணிகள் ரயில் மோதி 6 யானைகள் இறந்தன. இரவில் அங்கே மெதுவாகப் போவதுதான் நியாயம், அந்தத் தாமதத்தை யாரும் குறைசொல்லக்கூடாது. விமானம் பிடிக்கப் போகிறவர்கள் மட்டும் ஒரு நாள் முன்னதாகவே கிளம்புங்கள்.

கொழும்பில்தான் உண்மையான சோதனை. கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு முன்னால் மருதானை நிலையம் வரும். அரைத் தூக்கத்தில் அங்கே இறங்கிவிட்டால் சாமானோடு அலைய வேண்டியதுதான். கோட்டையில் இறங்கும்போது பெரும்பாலும் விடிந்திருக்காது. மேடைகளுக்கிடையே மேம்பாலப் படிகள்தான், அங்கே சூட்கேஸின் சில்லு உதவாது. அதனால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள்: நிறைத்த பெட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏற முடிகிறதா? முடியாவிட்டால் அதை இரண்டு பெட்டியாக்குங்கள். 30 கிலோவில் ஒன்றை விட 15 கிலோவில் இரண்டு எவ்வளவோ மேல்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போகிறவர்கள் வெளியே ஓடாமல், அங்கேயே கரையோர ரயிலுக்கு டிக்கெட் எடுத்து மேடையில் காத்திருப்பது சிக்கனம். காலை 7 மணிக்குப் பிறகு அலுவலகக் கூட்டம் நெரிக்கும், அதற்கு முன் ஏறிவிடுங்கள். வெள்ளவத்தை நிலையத்துக்கு வெளியே மரைன் டிரைவ். அங்கிருந்து காலி வீதிக்குக் குறுக்கு ஒழுங்கைகளால் நடக்கலாம். காலி வீதியில் ஓடும் 100, 101 பஸ்களில் பெரிய பெட்டியோடு ஏற நினைக்காதீர்கள். பஸ் முழுதாக நிற்குமுன் ஏறச் சொல்வார்கள், பெட்டி வைக்கவும் இடமில்லை. கொட்டாஞ்சேனை போகிறவர்களுக்குக் கரையோர ரயில் உதவாது. அவர்கள் பிக்மீ என்ற வாடகை வாகனச் செயலியில் ஓட்டோ எடுப்பதே சரி. நிலைய வாசலில் வாய்ப்பேச்சில் கேட்கும் தொகைக்கும் செயலியில் காட்டும் தொகைக்கும் வித்தியாசம் பெரிது. இரண்டு பெரிய பெட்டி என்றால் ஓட்டோவுக்குப் பதிலாகச் சிறிய கார் கேளுங்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு 187 பஸ் உண்டு. அதிலும் பெரிய பொதிக்கு ஓர் இருக்கைக் காசு கேட்கலாம்.

கொழும்பில் ஒரு நாள் வேலைதான், இரவே திரும்புகிறீர்கள் என்றால் சாமானைச் சுமந்து திரியாமல் கோட்டை நிலையத்திலுள்ள பொதி காப்பறையில் பூட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். எத்தனை மணிக்கு மூடுவார்கள் என்பதைக் கொடுக்கும்போதே கேளுங்கள், பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். திரும்பும் ரயிலில் திருகோணமலை கடைசி நிலையம், அவசரப்படாமல் இறங்கலாம். கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் சீனக்குடாவிலேயே இறங்கினால் தூரம் குறையும். அந்த நேரத்தில் அங்கே ஓட்டோ குறைவு, முதல்நாளே ஒருவரிடம் சொல்லி வையுங்கள்.