பைக்கில் விண்ட் டிஃப்ளெக்டர்: நெடுநாள் ஓட்டிய பிறகு

என் பைக்கில் மூன்று இடத்தில் டிஃப்ளெக்டர், அதாவது காற்றைத் திசைதிருப்பும் தகடு, மாட்டியிருக்கிறேன். விண்ட்ஷீல்டின் மேல்விளிம்பில் கிளாம்ப் போட்ட சின்னத் தகடு ஒன்று, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் இருபக்கமும் கீழே ஒரு ஜோடி, டேங்குக்குப் பக்கவாட்டில் முழங்காலுக்கு நேராக இன்னொரு ஜோடி. வெயில், மழை, பனி எல்லாவற்றிலும் ஓட்டிப் பார்த்தாயிற்று. மூன்றில் ஒன்றுதான் மிஞ்சும் என்றால் யோசிக்காமல் ஃபோர்க் ஜோடியை வைத்துக்கொள்வேன். பலரும் முதலில் வாங்குவதோ மேல்தகட்டைத்தான்.

நெஞ்சில் நேராக வந்து மோதும் காற்று அப்படியொன்றும் பெரிய தொல்லை இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளல் நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டரில் கண்டுகொள்ளாததை 100-ல் தோள் உணரும். ஆனாலும் அது ஒரே சீராக இருப்பதால் உடம்பு பழகிவிடும். ஆளைக் களைப்பாக்குவது கலைந்த காற்று. ஷீல்டின் விளிம்பைத் தாண்டும்போது காற்று சுழலாகப் பிய்ந்து ஹெல்மெட்டில் மாறி மாறி அடிக்கும். கழுத்து அதை எதிர்த்துக்கொண்டே இருக்கும். வண்டியை விட்டு இறங்கியதும் தோள்பட்டைக்கு மேலே பிடித்துக்கொள்வது அதனால்தான்.

ஷீல்டுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவு. அங்கே மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று பாயும், கீழிருந்தும் ஏறும். இந்தக் கீழ்க்காற்றைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஃபோர்க்குக்கும் டேங்குக்கும் நடுவே புகுந்து, ஜாக்கெட்டோடு ஒட்டி மேலேறி, மோவாய்க்கு அடியில் ஹெல்மெட்டைத் தூக்கும். ஹெல்மெட் வார் தொண்டையில் இறுகுகிறதா? குற்றவாளி அதுதான்.

இதை உறுதிப்படுத்த டேங்கின் முன்னோரத்தில் கம்பளி நூல் துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, ஹேண்டிலில் சின்ன கேமராவை மாட்டி ஓட்டினேன். வீடியோவைப் பார்த்தால், பின்னால் பறக்க வேண்டிய நூல் செங்குத்தாக எழுந்து, நுனி மட்டும் மீட்டர் பக்கமாக, அதாவது முன்னோக்கி, வளைந்து துடித்தது. ஃபோர்க் ஜோடியை மாட்டிய பின் அதே சாலையில், அதே வேகத்தில் நூல் டேங்கின் மேல் படுத்தபடி சோம்பலாக அசைந்தது. தலை ஆட்டம் முழுக்கப் போகவில்லை. வார் இழுப்பது மட்டும் அடியோடு நின்றது.

இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி உண்டு. ஆளில்லாத நேர்சாலையில், சீரான வேகத்தில், ஃபுட்ரெஸ்ட்டில் கொஞ்சம் எழுந்து பாருங்கள். எழுந்ததும் ஆட்டமும் இரைச்சலும் குறைந்தால், ஷீல்டு கலைத்துவிடும் காற்றில்தான் இத்தனை நாள் தலையை வைத்திருந்திருக்கிறீர்கள்.

மேல்தகட்டைப் பற்றி என் தீர்ப்பு கலவையானது. ஷீல்டோடு ஒட்டி மாட்டினால் அது வெறும் உயரமான ஷீல்டு. சுழல் இன்னும் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டியபோதுதான், நடுவே புகுந்த காற்று சுழலை உடைத்து, இரைச்சலின் அதிர்வு குறைந்தது. கண் தகட்டுக்கு மேலே பார்க்க வேண்டும், தகட்டின் வழியே அல்ல. மழை இரவில் எதிர்வண்டி விளக்கு நீர்த்துளியில் சிதறும்போது இதன் அருமை புரியும். என்னைவிடத் தலையளவு உயரமான நண்பர் ஓட்டிவிட்டு, "இது இல்லாமலேயே தேவலை" என்று சாவியைக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. தகடு என் உயரத்துக்கு வைத்தது.

இரைச்சல் விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் சுமார் 100 டெசிபல் வரை போகும். பணியிடக் காதுப் பாதுகாப்புக்கு அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். காதடைப்பானை நான் இன்றுவரை விடவில்லை.

மழையில் முழங்கால் நனைவது நன்றாகவே குறைந்தது. ஆனால் முகத்துக்கு முன் காற்று அமைதியானதால் வைசரில் துளிகள் அப்படியே நிற்கின்றன. தலையைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பினால்தான் ஓடும். கோடையில் பக்கவாட்டு ஜோடி தொல்லை. ரேடியேட்டர் சூடு தொடையைச் சுற்றியே தங்குகிறது, அதனால் வெயில் தொடங்கியதும் கழற்றி வைத்துவிடுகிறேன். லாரியைத் தாண்டும்போது ஃபோர்க் ஜோடியால் ஹேண்டில் முன்பைவிடக் கொஞ்சம் இழுக்கிறது. எடை குறைந்த பைக்கில் இதை யோசித்துச் செய்யுங்கள். மைலேஜில் மாற்றம் தெரியவில்லை.

மாட்டும்போது ஹேண்டிலை இருபக்கமும் முழுக்கத் திருப்பி, ஃபோர்க்கை அழுத்தி, தகடு டேங்கிலோ மட்கார்டிலோ பிரேக் ஹோஸிலோ உரசுகிறதா என்று பாருங்கள். அதிர்வில் போல்ட் தளரும். அதற்காக மரையைப் பிடித்து நிறுத்தும் லாக்டைட் மாதிரி திரவத்தைத் தொட வேண்டாம். தகட்டின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கில் பட்டால் துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விழும். நைலான் நட்டும் ரப்பர் வாஷரும் போதும். துடைக்கப் பெட்ரோலும் கூடாது, அம்மோனியா கலந்த கண்ணாடி திரவமும் கூடாது. ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் காய்ந்த பூச்சி தானாக ஊறி வரும். உலர் துணியால் தேய்த்தால் விழும் கீறல் பிறகு போகாது.

மேல்தகடு வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் நெளிபிளாஸ்டிக் அட்டையை அந்த அளவுக்கு வெட்டி, ஷீல்டில் டேப்பால் இறுக ஒட்டி, குறைந்த வேகத்தில் தொடங்கி ஓட்டிப் பாருங்கள். ஃபோர்க்கில் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம், பிய்ந்தால் சக்கரத்துக்குள் போகும்.