டீபக் மேக்ரோக்கள் கிளப்பும் எச்சரிக்கைகள்: ஆறு ஆண்டு அனுபவம்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலில், ஒரு வன்பொருளை இயக்கும் நிரலான டிரைவர் ஒன்றை ஆறு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். நிரலை ஓட்டாமல் படித்தே குறை கண்டுபிடிக்கும் ஸ்பார்ஸ், ஸ்மேட்ச் என்ற இரண்டு கருவிகளும் அன்றிலிருந்தே என்னுடன் இருக்கின்றன. ஸ்பார்ஸ் 2003-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. ஸ்மேட்ச் டான் கார்பென்டர் உருவாக்கியது. இவற்றோடு, 'டபிள்யூ=1' என்று கொடுத்துக் கம்பைல் செய்தால் ஜிசிசி கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) கொட்டும் கூடுதல் எச்சரிக்கைகளும் உண்டு. எனக்கு வந்த எச்சரிக்கைகளில் பெரும்பகுதி டீபக் அச்சு வரிகளில், அதாவது பிழை தேடுவதற்காக உள் நிலவரத்தைப் பதிவில் அச்சிடும் வரிகளில், பிறந்தவை. அவற்றை வெறும் இரைச்சல் என்று ஒதுக்கித்தான் முதல் இரண்டு ஆண்டுகளைக் கழித்தேன். அது தவறு.

எங்கள் டிரைவர் பழைய பாணியில் எழுதப்பட்டது. அச்சு வரிகளை ஒரு மேக்ரோவால், அதாவது கம்பைலுக்கு முன் வேறு நிரலாக விரியும் சுருக்கப்பெயரால், எழுதியிருந்தோம். டீபக் வேண்டுமென்றால் அது கர்னலின் அச்சு ஃபங்ஷனான 'பிரிண்ட்கே'யாக விரியும். வேண்டாமென்றால் சுவடே இல்லாமல் மறைந்துவிடும். மறைந்ததும், அச்சிடுவதற்காக மட்டுமே வைத்திருந்த மாறிகள் அநாதையாகிவிடும். 'மதிப்பு வைக்கப்பட்டது, பயன்படுத்தப்படவில்லை' என்று கம்பைலர் முறையிடும்.

வன்பொருள் கவனம் கேட்டு இன்டரப்ட் சமிக்ஞை எழுப்பும்போது ஓடும் ஃபங்ஷனான இன்டரப்ட் ஹேண்ட்லரில் அப்படி ஒரு வரி இருந்தது. வன்பொருளின் நிலையைக் காட்டும் சிறு நினைவிடமான ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்து ஒரு மாறியில் வைக்கும். அடுத்த வரி அதை அச்சிடும். அதற்குமேல் அந்த மாறிக்கு வேலை இல்லை. எச்சரிக்கைகளைக் குறைக்கும் பணியை ஏற்றிருந்த இளைஞர் இரண்டு வரிகளையும் நீக்கினார். "அண்ணா, இந்த மதிப்பை யாருமே பயன்படுத்தவில்லை" என்றார். நானும் பார்த்துவிட்டுச் சரி என்றேன். அந்த ரெஜிஸ்டரோ, படித்தவுடன் தானே அழிந்துகொள்ளும் வகையைச் சேர்ந்தது. அதைப் படிப்பதால்தான் இன்டரப்ட் கோடு (அந்தச் சமிக்ஞை வரும் கம்பி) கீழே இறங்கும். படிக்கும் வரி போனதும் கோடு உயர்ந்தபடியே நின்றது. ஹேண்ட்லர் ஓயாமல் அழைக்கப்பட்டு, ஒரு சிபியு முழுக்க அதிலேயே மூழ்கிப்போனது. எச்சரிக்கையில் பொய் எதுவும் இல்லை. மாறி தேவையற்றதுதான், ஆனால் ரெஜிஸ்டரைப் படிப்பது தேவை. இந்த வேறுபாட்டைக் கம்பைலர் சொல்லாது. வன்பொருள் கையேடுதான் சொல்லும்.

திருத்த வேண்டியது மாறியை அல்ல, மேக்ரோவை. கர்னலின் 'பிஆர்_டீபக்' டீபக் அணைந்திருக்கும்போது காணாமல் போவதில்லை. 'நோ_பிரிண்ட்கே'யாக, அதாவது ஒருபோதும் நிறைவேறாத ஒரு நிபந்தனைக்குள் அடைத்த அச்சு வரியாக மாறுகிறது. கம்பைலர் அதைப் படித்து வகைகளைச் சரிபார்க்கும். இயங்கும் நிரலில் மட்டும் அது இடம் பிடிக்காது. எங்கள் மேக்ரோவையும் அப்படியே மாற்றினேன். அநாதை மாறிகள் பற்றிய புலம்பல் ஒரே நாளில் அடங்கியது.

அன்றே வேறொரு கூட்டம் கிளம்பியது. பல ஆண்டுகளாகக் கம்பைலரின் கண்ணில் படாமல் கிடந்த வரிகள் முதன்முறையாக வெளிச்சத்துக்கு வந்தன. எப்போதோ பெயர் மாற்றப்பட்ட தரவுக் கட்டமைப்பின் உறுப்பு ஒன்றை ஒரு வரி இன்னும் பழைய பெயரால் அழைத்துக்கொண்டிருந்தது. டிஎம்ஏ முகவரியை (சிபியு வழியாக அல்லாமல் வன்பொருள் நேரடியாக நினைவகத்தை அணுகும் முகவரி) சாதாரண எண்ணாக அச்சிடும் வரிகள் 32 பிட்டில் ஒரு மாதிரியும் 64 பிட்டில் வேறு மாதிரியும் முரண்பட்டன. அதற்கென்றே கர்னலில் உள்ள 'பிஏடி' வடிவத்துக்கு அவற்றை மாற்றினேன். நெட்வொர்க் பைட் வரிசையில் (பெரிய பைட் முதலில் வரும் முறை) இருந்த மதிப்பை யாரோ வகையை மட்டும் மாற்றி, சாதாரண எண்ணாகக் காஸ்ட் செய்து அச்சிட்டிருந்தார்கள். ஸ்பார்ஸ் அதைச் சுட்டிக்காட்டியது. பைட்டுகள் தலைகீழாகத் தெரியும் அந்தப் பதிவை நம்பி எத்தனை பேர் மணிக்கணக்கில் தேடியிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஸ்மேட்ச் எனக்குக் கொடுத்த மிக மதிப்புள்ள எச்சரிக்கை, 'சோதிப்பதற்கு முன்பே பயன்படுத்தப்பட்டது' என்பது. ஃபங்ஷனின் முதல் வரியில் கோரிக்கையின் நீளத்தை அச்சிடும் 'டெவ்_டிபிஜி' என்ற டீபக் அச்சு வரி. இரண்டு வரி தள்ளி, கோரிக்கைச் சுட்டி (கோரிக்கை இருக்கும் நினைவிட முகவரி) வெறுமையா, அதாவது எதையும் சுட்டாததா, என்ற சோதனை. கர்னல் ஓடும்போதே அச்சு வரிகளை இயக்கவும் அணைக்கவும் உதவும் டைனமிக் டீபக்கில், அச்சை இயக்கினால்தான் அந்த வரியில் உள்ளவை மதிப்பிடப்படும். அதனால் எங்கள் சோதனைக்கூடத்தில் எதுவும் நடக்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவருடைய இடத்தில் கோளாறு வந்தது. காரணம் தேடி அங்கே டீபக்கை இயக்கினார்கள். வெறுமைச் சுட்டி வந்த நொடியில் கர்னல் விழுந்தது. நோயைப் பார்க்கப் போன கருவியே நோயாளியைச் சாய்த்துவிட்டது. அந்த எச்சரிக்கை எட்டு மாதங்களாக என் பட்டியலில் 'பிறகு பார்க்கலாம்' என்ற குறிப்போடு கிடந்தது.

இது சின்ன விஷயமல்ல. 2009-இல் கர்னலின் டன் டிரைவரிலும் (மெய்நிகர் நெட்வொர்க் கருவிக்கான டிரைவர்) சுட்டியைப் பயன்படுத்திய பிறகே சோதனை இருந்தது. பயன்படுத்தியாகிவிட்டதால் சுட்டி வெறுமையாக இருக்க முடியாது என்று முடிவுகட்டி, ஜிசிசி அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. அது பாதுகாப்பு ஓட்டையாக முடிந்தது. அப்படி நீக்காதபடி தடுக்கும் கம்பைலர் விருப்பம் அதன்பிறகுதான் கர்னலில் சேர்ந்தது.

ஸ்மேட்ச் சொல்வதெல்லாம் பிழை என்று சொல்ல மாட்டேன். பல இடங்களில் சுட்டி வெறுமையாக இருக்கவே வழியில்லை. அங்கே நீக்க வேண்டியது பின்னால் வரும் தேவையற்ற சோதனையைத்தான். ஆனால் அதைத் தீர்மானிக்க, அழைக்கும் இடங்கள் அனைத்தையும் திறந்து பார்த்தாக வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான், அதற்குக் குறுக்குவழி எனக்கு அகப்படவில்லை.

இன்னும் இரண்டு கோப்புகளில் பழைய மேக்ரோ மிச்சமிருக்கிறது. அவற்றில் ரெஜிஸ்டரைப் படிக்கும் அழைப்பே அச்சு வரிக்குள் எழுதப்பட்டிருக்கிறது. டீபக்கை இயக்கினால் படிக்கும், அணைத்தால் படிக்காது. எந்தக் கருவியும் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த ரெஜிஸ்டர்களில் படித்தால் அழிபவை எவை என்று கையேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வருகிறேன்.