பழைய கெர்னலை நீக்கக் கொடுத்தோம், டிஸ்கையே மாற்றச் சொன்னார்கள்: வேலூர் மக்கள் கவனத்துக்கு

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப்டாப் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள், அதிலும் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) போட்டிருப்பவர்கள், தயவுசெய்து இதைப் படியுங்கள்.

என் கணவர் சத்துவாச்சாரியில் டியூஷன் எடுக்கிறார். பல வருட வினாத்தாள்கள் அவர் லேப்டாப்பில்தான் இருக்கின்றன. அப்டேட் போட்டால் '/பூட்'டில் (லேப்டாப் திறக்கத் தேவையான கோப்புகள் இருக்கும் ஃபோல்டர்) இடமில்லை என்று நின்றுவிடும். ஆன் செய்ததும் வரும் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' திறந்தால் பழைய கெர்னல்கள் (உபுண்டுவின் மையப் புரோகிராமின் பழைய பதிப்புகள்) வரிசையாக நிற்கும். அவற்றை மட்டும் எடுத்துத் தரச் சொல்லி ஒரு கடையில் கொடுத்தோம்.

மாலையில் போனபோது கறுப்புத் திரையில் 'யூ நீட் டு லோட் த கெர்னல் ஃபர்ஸ்ட்' என்ற வரி மட்டும் இருந்தது. "டிஸ்க் போயிடுச்சுக்கா. வேற எஸ்எஸ்டி 4,200 ஆகும். உள்ள இருக்கறது எதுவும் வராது" என்றார் கடைக்காரர். செக்கிங் சார்ஜ் 800 ரூபாய் வாங்கிக்கொண்டார். பில் கேட்டதற்கு, போடுவதில்லை என்றார். நல்லவேளை, டிஸ்கைக் கழற்ற விடாமல் லேப்டாப்பை வாங்கி வந்துவிட்டோம்.

என் கணவரிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்து பார்த்தான். அதே மெனுவில் கீழே இருந்த பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தான், லேப்டாப் திறந்துவிட்டது! வினாத்தாள்கள் அத்தனையும் பத்திரம். டிஸ்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் 'ஸ்மார்ட்' சோதனையிலும் அது பாஸ். கடையில் '/பூட்' ஃபோல்டருக்குள் போய் புதுக் கெர்னலின் கோப்புகளையும் சேர்த்துக் கையால் டெலீட் செய்திருக்கிறார்கள். மெனுவில் பெயர் இருக்கிறது, கோப்பு இல்லை. அழிந்த கெர்னலை ரீஇன்ஸ்டால் செய்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. நல்ல டிஸ்கைப் போய்விட்டது என்று சொல்ல எப்படி மனசு வந்தது?

இந்த வேலைக்குக் கடையே தேவையில்லை. முதலில் புதுக் கெர்னலில் லேப்டாப் ஒழுங்காகத் திறக்கிறதா பாருங்கள். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் திரை) 'யுனேம் -ஆர்' (uname -r) அடித்தால் இப்போது ஓடுவது எந்தக் கெர்னல் என்று காட்டும். பிறகு 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' (sudo apt autoremove --purge) அடியுங்கள். ஓடுகிற கெர்னலையும் புதியதையும் அது தொடாது; தேவையில்லாததை மட்டும் எடுத்து மெனுவையும் தானே திருத்திவிடும். கேள்வி கேட்கும்போது, எதையெல்லாம் நீக்கப்போகிறது என்ற பட்டியலைப் படித்துவிட்டு 'ஒய்' கொடுங்கள். 'லினக்ஸ்-இமேஜ்-ஜெனரிக்' (linux-image-generic) என்ற பெயர் அதில் இருந்தால் நிறுத்திவிடுங்கள்; அது போனால் கெர்னலுக்குப் பாதுகாப்பு அப்டேட்டே வராது.

கடைக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றால் வேலை விவரம் எழுதிய சீட்டு வாங்காமல் கொடுக்காதீர்கள். கெட்டுப்போனதாகச் சொல்லும் பாகத்தைக் கையில் கேளுங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார் போடக் கட்டணம் கிடையாது. நாங்கள் 1915இல் பதிந்துவிட்டோம். பில் இல்லாததால் 800 ரூபாய் ஜிபேயில் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைத்தான் ஆதாரமாக வைத்திருக்கிறோம்.